முப்பத்தொரு பெண்களாக நான் இருந்த காலம்

நேற்றுக் காலையில் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. "அன்புள்ள முத்துமாரி, உங்கள் வாழ்வில் எல்லா வளமும் பெருகட்டும்" என்று ஒரு சம்பளக் கார்டு கம்பெனி என் செல்லுக்கு அனுப்பியிருந்தது. நான் முத்துமாரி இல்லை. அறுபதைத் தாண்டிய, மீசை நரைத்த, சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிற ஆம்பிளை. ஆனால் கம்பெனி சொன்னால் சொன்னதுதான். என்னோடு வேலை பார்த்த முத்துமாரி மகளோடு திருப்பூர் போய்விட்டாள். போகும்போது நம்பரை மாற்றவில்லை. அதனால் அவள் அங்கே பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, நான் இங்கே அவளாக இருந்து வாழ்த்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பட்டாசுக் கம்பெனியில் என் இடத்தில் இப்போது டைம்கீப்பராக இருக்கிற தம்பியிடம் அந்தச் செய்தியைக் காட்டினேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணாச்சி, இனிமே கார்டே கிடையாதாம். கேமரா முன்னாடி மூஞ்சியக் காட்டுனா ஆஜர், மூஞ்சியக் காட்டுனா டீ, மூஞ்சியக் காட்டுனா சம்பளம். கார்டு வந்தப்ப நீங்க எப்படிச் சமாளிச்சீக? கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றான். நான் சமாளித்தேன் என்று அவனிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை. சமாளித்தது வேறு ஆள். ஆனாலும் கேட்டுவிட்டான், எழுதுகிறேன்.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கம்பெனி. லோடு ஏற்றுகிறவனாகச் சேர்ந்து, முதுகு பிடித்துக்கொண்டதால் கேட்டுக்கு வந்தவன் நான். பழைய டைம்கீப்பர் ஒரே வாரத்தில் தொழிலைக் கற்றுக்கொடுத்து முடித்துவிட்டார். பீடி, தீப்பெட்டி, செல்போன், இரும்பில் எது இருந்தாலும் வாங்கி, கேட் ஆபீஸ் சுவரில் அடித்திருக்கும் மரப் பொந்துகளில் வைக்க வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு ஆளும் அதே சுவரில் பதித்த செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரம் அது வழியாகத் தரைக்குப் போய்விடும். போகாவிட்டால் வெடிமருந்து அறையில் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. "தகட்டைத் தொடாம ஒரு ஆளு உள்ள போனா ஒன்னையத் தொலைச்சுப்புடுவேன்" என்றார். அவ்வளவுதான் பயிற்சி.

மற்றபடி ஆளை அடையாளம் தெரிந்தால் போதும். எங்களிடம் மாரியம்மாள் மட்டும் ஏழு பேர். ஆமத்தூர் மாரி, திரி மாரி, ரெட்டைச்சடை மாரி என்று ஆளுக்கொரு பட்டம். ரெட்டைச்சடை மாரிக்குப் பேத்தி சடங்கே முடிந்துவிட்டது. பட்டம் மட்டும் மாறவில்லை. குரலைக் கேட்டே ஆஜர் போட்டுவிடுவேன். வருஷக்கணக்கில் இப்படியே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு மேலே மேனேஜர் சிதம்பரம். முதலாளியிடம் எந்தப் புதுச் சாமானைக் கொண்டுவந்தாலும், இவர் வாசலில்தான் முதலில் நிற்க வேண்டும். எதைச் சொன்னாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியில் ஒரு பக்கம் துடைப்பார், ஊதுவார், இன்னொரு பக்கம் துடைப்பார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, "இதுல நம்ம கையெழுத்து எங்கேயாவது வருதா?" என்று கேட்பார். வரும் என்றால் கண்ணாடி மறுபடி கழன்றுவிடும், காரியம் அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போகும். வராது என்றால், "அப்பத் தாராளமாச் செய்யுங்க." இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மனுஷர் எல்லாத் தணிக்கையிலிருந்தும் கரையேறிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பட்டாசுத் தொழிலில் கையெழுத்துப் போட்டவன்தான் முதலில் மாட்டுகிறவன்.

கார்டு வந்தபோதும் அதே கேள்விதான். மதுரையிலிருந்து கார்டு கம்பெனி ஆபீசர் ஒருவர் வந்தார். எங்கள் ஊர் வெயிலில் டை கட்டியிருந்ததால் பெண்கள் அவருக்கு 'டை சார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். "ஒரே கார்டு. ஆஜரும் அதுதான், கேன்டீனும் அதுதான், சம்பளமும் அதுலதான் ஏறும். கடையில சாமான் வாங்கலாம். எதையும் தொட வேண்டாம், காட்டினா போதும். இனிமே உங்க அடையாளம் உங்க கையில" என்றார். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து முடித்தார். கையெழுத்து எங்கேயும் வராது என்று தெரிந்தது. தாராளமாகச் செய்யச் சொல்லிவிட்டார்.

கேட் ஆபீஸ் சுவரில், செப்புத் தகட்டுக்குப் பக்கத்திலேயே மெஷினை மாட்டினார்கள். யார் சொன்ன யோசனையோ, அவன் நன்றாக இருக்கட்டும். காலமெல்லாம் 'தொடு, தொடு' என்று நான் பழக்கிவைத்த ஜனங்களிடம் ஒரே நாளில் 'தொடாதே' என்றால் என்ன ஆகும்? மெஷினில் உள்ளங்கையைப் பதித்தார்கள். செப்புத் தகட்டுக்குக் கார்டைக் காட்டினார்கள். மெஷின் 'கீங்' என்றதும் உடம்பிலிருந்த மின்சாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துச் சிலர் நேரே மருந்து அறையைப் பார்த்து நடந்தார்கள். ஓடிப்போய் மறித்து இழுத்து வந்தேன். ஒரு மாசம் தொண்டை கிழியக் கத்தினேன். "அதைத் தொடு, இதைக் காட்டு! இதைத் தொடாத, அதைக் காட்டாத!" வேறு சத்தம் என் வாயில் வரவில்லை. ஆயுத பூஜைக்கு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்ட பிறகுதான் அது வேறு சாமி, இது வேறு சாமி என்று எல்லாருக்கும் விளங்கியது.

உண்மையான கூத்து நம்பர் கேட்டபோது நடந்தது. தாயில்பட்டிக் காளீஸ்வரியைக் கூப்பிட்டு டை சார், "செல் நம்பர் சொல்லுங்கம்மா" என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நம்ம நம்பரைச் சொல்லுங்க" என்றாள்.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் தொழிலில் யாரும் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளை விழுந்தாலும், ஊரில் சாவு விழுந்தாலும் கேட்டுக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும். கேட்டில் இருந்த கம்பிப் போன் செத்துப்போன நாளிலிருந்து கேட் நம்பர் என்பது என் செல் நம்பர்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கேஸ், ரேஷன் என்று எங்கே கேட்டாலும் பெண்கள் அதைத்தான் சொல்வார்கள். காளீஸ்வரி சொன்னதைக் கேட்டு வரிசையில் நின்றவர்களும் "எனக்கும் அதே நம்பர்" என்றார்கள். டை சார் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். சாப்பாட்டு நேரம். எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றிவிட்டுப் புரோட்டா சாப்பிடப் போய்விட்டார். கம்ப்யூட்டரும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து நான் முப்பத்தொரு பெண்கள். அவரவர் பேருக்கு வருகிற ரகசிய எண்ணெல்லாம் எனக்கு வந்தது. எங்கள் பெண்கள் பலருக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வைத்த பிறந்த தேதி ஜூன் ஒன்று. அன்றைக்கு மட்டும் என் போன் பொங்கி வழியும். என் வீட்டுக்காரி, "இன்னைக்கு யாரா இருக்கீக?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியை நீட்டுவாள். ஒருநாள் தேன் மாதிரி ஒரு குரல் கூப்பிட்டது.

"காளீஸ்வரி மேடம் பேசுறாங்களா?"

"சொல்லுங்க."

"மேடம், உடம்புக்கு முடியலையா? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"சளி."

"டேக் கேர் மேடம். உங்களுக்கு ஒரு லோன் தயாரா இருக்கு" என்றாள் அந்தப் பெண். மருந்து அறையில் பென்சில் வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்த காளீஸ்வரிக்காக நானே லோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காளீஸ்வரி புரோட்டாக் கடையில் பணம் கட்டியதாகச் செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் மட்டன் கடை. அப்புறம் மறுபடி புரோட்டா. ஒரு பொம்பளை ஒரே மத்தியானத்தில் அம்புட்டும் சாப்பிட முடியாது. திங்கட்கிழமை அவளிடம் செய்தியைக் காட்டினேன். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க வீட்டுக்காரரு. கார்டை எடுத்துட்டுப் போயி காட்டிட்டே இருக்காரு. மெஷினு யாரு என்னன்னு கேக்காதாண்ணாச்சி?"

"கேக்காது. சின்னத் தொகைக்குக் கார்டு இருந்தாப் போதும். பெரிய தொகைன்னாத்தான் எனக்கு எண்ணு வரும்."

"அப்ப சின்னத் தொகையையும் பெரிய தொகை மாதிரி ஆக்குங்க."

அதற்கு ஒரு வழி இருந்தது. காட்டிச் செலவழிக்கிற வசதியைப் போன் மூலமே நிறுத்திவிடலாம். நிறுத்தினேன். அதற்குப் பிறகு அந்தக் கார்டு கேட்டில் ஆஜர் போடும்; கடையில் நீட்டினால், எண்ணைக் கேட்கும். எண் என் போனுக்கு வரும். நான் காளீஸ்வரியைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன். அவள் வீட்டுக்காரன் பாண்டி, லாரி ஷெட்டில் லோடுமேன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் பொஞ்சாதி சம்பளம் தன் சட்டைப்பையில் பிறந்தது என்று நம்புகிறவன். ஒரு பழைய குட்டியானைச் சரக்கு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்க அந்தப் பணத்தில் கண் வைத்திருந்தான். காளீஸ்வரிக்கு வேறு கணக்கு. மகளுக்குப் பாலிடெக்னிக்கில் பிரிண்டிங் படிப்பு. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கேட்டுக்கு வந்து செப்புத் தகட்டைத் தொட வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. விஷயம் பரவி, மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து, "காளீஸ்வரிக்குச் செஞ்ச மாதிரி" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அந்த வாரம் பார்த்து கார்டு கம்பெனிக்குப் புத்தி வந்துவிட்டது. 'ஒரே நபர் பல பெயர்களில் கணக்கு வைத்திருப்பதாகத் தெரிகிறது. பாதுகாப்புக் கருதி அனைத்தும் முடக்கப்படுகின்றன' என்று எனக்குச் செய்தி வந்தது, முப்பத்தொரு தடவை. ஒவ்வொன்றிலும் ஒரு பேரைப் போட்டு, மரியாதையாக 'அன்புள்ள' என்று ஆரம்பித்திருந்தார்கள்.

டை சார் புதன்கிழமை வந்தார். மேனேஜர் அறையில் உட்கார்ந்து, "எவ்வளவு பெரிய மோசடி தெரியுமா சார் இது? பாவம், இந்தப் பொம்பளைங்களுக்குச் சொந்த நம்பரே தெரியல" என்றார். நம்பரை ஏற்றியது யார் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை முகாம் வைப்பதாகவும், எல்லாரும் வீட்டு நம்பரைக் கொண்டுவந்தால் கார்டு அங்கேயே திறந்துவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

காளீஸ்வரி கேட்டில் அப்படியே நின்றுவிட்டாள். "வீட்டு நம்பருன்னா அது அவரு போனுதான் அண்ணாச்சி. அந்த நம்பரைக் குடுத்துட்டா அப்புறம் காளீஸ்வரி அவருதான். சனிக்கிழமை சாயங்காலமே குட்டியானை வீட்டு வாசல்ல நிக்கும்."

"கொஞ்ச நாள் பொறுத்து மாத்திக்கலாம் தாயி."

"திங்கக்கிழமை பொறுக்குமா?"

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. "ஒரு போனு எம்புட்டு இருக்கும்?" என்று கேட்டாள். பட்டன் போன் விலையைச் சொன்னேன். கார்டு முடங்கிக் கிடக்கிறது, கையில் காசில்லை. மறுநாள் வேலைக்கு வராமல், அடைகாத்த கோழியையும் சேர்த்து இரண்டு கோழியை விற்று, சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் போன் வாங்கிவிட்டாள். சிம் கடைக்காரன் முகத்தைப் படம் பிடித்தானாம். அது போதாதென்று, "வேற ஏதாவது நம்பர் இருந்தாச் சொல்லுங்க, அதுக்கு ஒரு எண்ணு வரும்" என்றானாம். எண் என் போனுக்கு வந்தது; கடைக்காரன் கூப்பிட்டுக் கேட்டான். எண்ணைச் சொன்னேன். காளீஸ்வரியாக நான் செய்த கடைசி வேலை அதுதான்.

சனிக்கிழமை கேட்டில் திருவிழாக் கூட்டம். புருஷன்மார் எல்லாம் குளித்து, சட்டை மாற்றி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். டை சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இதுதான் முறை. குடும்பம்னா இப்படி இருக்கணும்" என்றார். ஒவ்வொரு பெண்ணாகப் பேர் வாசிக்க, ஒவ்வொரு ஆண்பிள்ளையாக நம்பர் சொன்னான். நான் ஒவ்வொரு பெண்ணாகக் குறைந்துகொண்டே வந்தேன்; அதற்கு முன்பே திருப்பூர் போய்விட்ட முத்துமாரி மட்டும் என் கணக்கிலேயே நின்றுவிட்டாள். ரெட்டைச்சடை மாரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டே போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

காளீஸ்வரி பேர் வந்ததும் பாண்டி முன்னால் வந்து நம்பர் சொல்ல ஆரம்பித்தான்.

"அவரு நம்பரு வேணாம்" என்றாள் காளீஸ்வரி.

டை சார் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். "அம்மா, சிஸ்டத்துல நீங்கன்னு ஒருத்தர் இல்லவே இல்ல. சிஸ்டப்படி காளீஸ்வரிங்கிறது இவருதான்" என்று என்னைக் காட்டினார்.

பாண்டிக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. என் பக்கம் திரும்பினான். "எம் பொஞ்சாதி பணத்துக்கு ஒம்ம நம்பரு எதுக்குய்யா?" இத்தனை வருஷமாக 'அண்ணாச்சி' என்று கூப்பிட்ட வாய். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அது கேட் நம்பர் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அவரை எதுக்குப் பேசுதீக? அதை நாந்தான் குடுக்கச் சொன்னேன்" என்று அவள் குறுக்கே வந்து நின்றாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "இது என் நம்பரு. எழுதிக்கோங்க சார்."

டை சாருக்குச் சந்தேகம். இது இந்த அம்மா போன்தான் என்று அத்தாட்சி வேண்டும், நிர்வாகம் எழுதிக்கொடுக்குமா என்று மேனேஜரைக் கேட்டார். சிதம்பரத்தின் கண்ணாடி உடனே கழன்றுவிட்டது. துடைத்தார். ஊதினார். வெளிச்சத்தில் பார்த்தார். திங்கட்கிழமை அந்தக் கண்ணாடியோடு போய்விடும் போலிருந்தது. "கையெழுத்து இல்லாம ஒண்ணும் முடியாதா?" என்றார். வேறு ஒரு வழி இருப்பதாக டை சார் ஒத்துக்கொண்டார். அவர் கூப்பிடுவார், இவள் எடுத்து, தன் பேரைச் சொல்ல வேண்டும். மூன்று தடவை தவறினால் கார்டு நிரந்தரமாக முடங்கிவிடும். "அப்பத் தாராளமாச் செய்யுங்க" என்று மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

போன் அடித்தது. காளீஸ்வரி அதுவரைக்கும் ஒரு போனை எடுத்துப் பேசியதில்லை. மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தால் பேசியிருக்கிறாள். விரலெல்லாம் அலுமினியப் பொடி. பட்டன் வழுக்கிக் கட்டாகிவிட்டது. இரண்டாவது தடவை பதற்றத்தில் சிவப்பையே அழுத்திவிட்டாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "இன்னும் ஒரு தடவைதான்மா" என்றார் டை சார்.

பாண்டி கையை நீட்டினான். "இங்கன குடு. ஒனக்குத் தெரியாது, நான் பேசுதேன்."

அவள் கொடுக்கவில்லை. விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். மூன்றாவது தடவை அடித்ததும் பச்சையைப் பார்த்து அழுத்திக் காதில் வைத்தாள். டை சார் அவளுக்கு எதிரிலேயே, கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு போனில் கேட்டார். "யார் பேசுறது?"

அவள் டை சாரைப் பார்க்கவில்லை, பாண்டியைப் பார்த்தாள். "நாந்தான் காளீஸ்வரி பேசுதேன்" என்றாள். கந்தகம் வைக்கிற கிட்டங்கி வரைக்கும் கேட்டிருக்கும். கார்டு திறந்துகொண்டது.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பணத்தைக் கட்டிவிட்டாள். அடுத்தடுத்த வாரங்களில் ரெட்டைச்சடை மாரியும் இன்னும் சிலரும் பட்டன் போனோடு வந்தார்கள். மற்றவர்கள் புருஷன் நம்பரிலேயே இருந்துவிட்டார்கள். எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடியுமா என்ன?

பணம் கட்டிய அந்த வாரமே புதன்கிழமை பாண்டி கேட்டுக்கு வந்தான். மகள் படிப்புக்குப் பணம் கட்டிய விஷயம் காதுக்கு எட்டியிருந்தது. மீதி ஏதாவது இருக்குமா என்ற கவலை முகத்தில் தெரிந்தது. மறுபடி நான் அண்ணாச்சி ஆகியிருந்தேன்.

"அண்ணாச்சி, காளி கார்டுல இன்னும் எம்புட்டு இருக்கு?"

"எனக்குத் தெரியாதுலே. அவகிட்டக் கேளு."

உடனே தன் போனை எடுத்துக் கூப்பிட்டான். என் முதுகுக்குப் பின்னால் மரப் பொந்தில் காளீஸ்வரியின் போன் அடித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அடித்து ஓய்ந்தது.

"எடுங்க அண்ணாச்சி. இம்புட்டு நாளும் அவளுக்கு வந்த போனையெல்லாம் நீங்கதான எடுத்தீக?"

"அப்ப நாந்தான்லே காளீஸ்வரி. இப்ப அவ உள்ள வேலை பாக்குதா. சாயங்காலம் வெளிய வருவா. நின்னு அவகிட்டயே கேட்டுக்கோ."

அவன் நிற்கவில்லை.